பத்ரிக்கு மேலே விழும் பனி

மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் பத்ரிநாத் போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பெருமாளைச் சேவித்த கதைக்கு அடுத்தபடி மாணா கிராமத்துக் கதைதான் வரும். கோயிலிலிருந்து மூன்று கிலோமீட்டர். வியாசர் குகை, பாறையைப் பிளந்துகொண்டு இரைந்து வரும் சரஸ்வதி, அதன் குறுக்கே பீமன் தூக்கிப் போட்டதாகச் சொல்லும் ஒற்றைக் கல், எல்லைக்கு முந்தைய கடைசி டீக்கடை. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திவ்யதேசம் என்பதால் நம் பக்கத்து மனிதர்களுக்கு அந்த மலை அந்நியமானதில்லை. ஆனாலும் நாம் அறிந்தது அதன் பாதி வருஷத்தைத்தான். நவம்பரில் நடை சாத்திவிடுவார்கள். மாணாவின் போட்டியா குடும்பங்கள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சித்திரை, வைகாசியில் மறுபடி நடை திறக்கும்வரை அங்கே தங்குபவர்கள் ராணுவத்தினர், எல்லைக் காவல் படையினர், சாலை போடும் தொழிலாளர்கள். அவர்களுக்கு மேலே, செங்குத்தான சரிவுகளில், பனி தங்கியிருக்கும்.

அந்தப் பனிக்கு ஒரு பிறப்பும் பயணமும் உண்டு. பனிச்சரிவு அபாயத்தைக் கணிக்கிறவர்கள் செய்வதெல்லாம் அந்த வாழ்க்கை வரலாற்றை வாசிப்பதுதான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாச் சரிவும் ஒரே வெள்ளை. எந்தச் சரிவு நாளைக்குக் கிளம்பும், எது மாசி கடந்தும் அசையாமல் கிடக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. போன மாதம் எந்த இரவில் வானம் தெளிந்திருந்தது, எந்தத் திசையில் எத்தனை மணி நேரம் காற்றடித்தது, முதல் பனி விழுந்தபோது எவ்வளவு குளிர் என்கிற பழைய விவரங்களில்தான் விடை புதைந்து கிடக்கிறது.

நமக்கு மழை வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. பத்ரி இருக்கும் கார்வால் மலைகளுக்குக் குளிர்காலப் பனி வருவது மேற்கிலிருந்து. மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கம் உருவாகும் தாழ்வழுத்தங்கள் உயரத்தில் ஓடும் மேல்காற்றில் ஏறி, ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் பாகிஸ்தானையும் தாண்டி இமயத்தில் வந்து முட்டும். வானிலைக்காரர்கள் இவற்றை மேற்கத்திய இடையூறு என்பார்கள். டிசம்பர் முதல் மார்ச்வரை மாதத்துக்கு நான்கைந்து வரும். பஞ்சாபின் கோதுமை வயல் நனைவதும் மாணாவின் மேல் வெண்பனி கொட்டுவதும் இவற்றால்தான்.

மேகத்துக்குள், பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகளுக்கு நடுவே, ஒரு தூசியைப் பற்றிக்கொண்டு ஆறு கை உள்ள படிகம் வளரும். 1936-ல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிச்சிரோ நகாயா என்ற இயற்பியலாளர், குளிரூட்டிய அறையில் ஒரு முயல் முடியின் நுனியில் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். நட்சத்திரமா, ஊசியா, தகடா, தூணா என்பதை வெப்பநிலையும் ஈரமும் முடிவு செய்கின்றன என்று நிறுவியவர் அவர். அபாயம் கணிப்பவருக்கு இது அழகியல் விஷயம் மட்டுமில்லை. கைகள் நீண்ட நட்சத்திரங்கள் விழுந்ததும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். உருண்டையாக, சிறு மணிகளாக விழுந்த பனியின்மேல் அடுத்த பொழிவு வந்தால் அது ஒட்டாது. உருளத் தயாராக இருக்கும். ஆகவே பொழிவு நிற்கும் முன்பே கறுப்பு அட்டையில் ஏந்திப் பூதக்கண்ணாடியால் பார்க்கிறார்கள்.

புதுப்பனி பெரும்பாலும் காற்றுதான். ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். அதன் வாழ்க்கையில் முக்கியமான பகுதி தரையைத் தொட்டபின் தொடங்குகிறது.

முதலில் விழுந்ததை எடுத்துக்கொள்வோம். நவம்பரில் முழங்கால் அளவுக்கு ஒரு பனி பெய்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரம் வானம் வெளுத்து, கடுங்குளிர். அடியில் தரை ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் இருக்கிறது. கோடைச் சூட்டின் மிச்சம். மேல்பரப்பில் மைனஸ் 15. அரை மீட்டருக்குள் இவ்வளவு வித்தியாசம். மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே பனி உள்ளுக்குள் உருமாறத் தொடங்கிவிடும். அடியிலிருந்து நீராவி கசிந்து மேலேறி, வழியிலுள்ள துகள்களில் படியும். துகள்கள் கோணல் முகங்களோடு பெரிதாகும். பக்கத்துத் துகளோடு இருந்த பிடியை இழக்கும். நாலு வாரத்தில் அந்த முதல் பனி முழுவதும் பரல் பரலாகிவிடும். அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, விரலிடுக்கில் கொட்டிப்போகும். மலைக்காரர்கள் அதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள்.

இதில் நம் இயல்பான ஊகத்துக்கு மாறான செய்தி ஒன்று உண்டு. நிறையப் பனி என்றால் நிறைய அபாயம் என்று நினைக்கிறோம். ஆனால் தொடக்கத்திலேயே கனமாக விழுந்த பனி தனக்குத்தானே போர்வையாகி, உள்ளே வெப்பநிலை சீராகி, துகள்கள் உருண்டு ஒட்டி உறுதிப்படும். மெல்லிசாக விழுந்து குளிரில் விட்டுப்போன பனியே அடியில் சர்க்கரையாகி, மார்ச்வரை அந்தக் குறையைச் சுமந்து கிடக்கும். நம் இமயத்தை ஆராய்ச்சியாளர்கள் இதன்படி மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: பீர் பஞ்சால் போன்ற தாழ்ந்த, ஈரமான, கனத்த பனி விழும் பகுதி, பெரிய இமயத்தின் நடுப்பகுதி, காரகோரம் போன்ற வறண்ட, கொடுங்குளிர்ப் பகுதி. சர்க்கரைப் பனி வேலையைக் காட்டுவது இந்தக் கடைசிப் பகுதியில்தான் அதிகம்.

இன்னொரு ஆபத்தான அடுக்கு ஒரே இரவில் உருவாகிவிடும். காற்றில்லாத தெளிந்த இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, காற்றைவிடக் குளிர்ந்துபோகும். மார்கழி விடியலில் தெருவில் நிற்கும் வண்டியின் சீட்டில் ஈரம் படிவதற்கு என்ன காரணமோ அதேதான் அங்கும். அங்கே ஈரம் நேராக உறைந்து இறகு இறகாகப் படிகிறது. காலை வெயிலில் அது மின்னும்போது பார்க்க வந்தவர்கள் மயங்கிப் போவார்கள். வெயிலோ காற்றோ அழித்துவிட்டால் கவலையில்லை. அழிக்கும் முன் அடுத்த பொழிவு அதை மூடிவிட்டால், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத அந்த இறகுப்படலம் மேலே குவியும் மொத்தப் பாரத்துக்கும் வழுக்குத்தளமாக உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் காற்று. வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில் காற்று பனியைக் கொண்டுவந்து சேர்க்கும். முகட்டின் ஒரு பக்கத்தைத் துடைத்து மறுபக்கத்தில் கொட்டும். படிகங்களை நொறுக்கி இறுக்கிப் பாளமாக்கும். மேலே கெட்டியான பாளம், அதனடியில் பிடிப்பில்லாத அடுக்கு, 30 முதல் 45 டிகிரிக்குள் சாய்ந்த சரிவு என மூன்றும் கூடினால் நாலாவதாக ஒரு தூண்டுதல் மட்டுமே பாக்கி. பாளம் கெட்டியாக இருப்பதால்தான் மனிதர் ஏமாறுகிறார். கால் புதையவில்லை, தரை போலத் தாங்குகிறது, போகலாம் என்று நம்புகிறார்.

அடையாற்றின் கரையோரம் வாழும் நமக்கு இது புரியாத கணக்கில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய நவம்பர் முழுக்கச் சென்னையில் 1000 மி.மீ.க்கு மேல் பெய்து, ஏரிகள் ததும்பி, மண் இனி ஒரு சொட்டையும் உள்வாங்காத நிலையில் இருந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதே மழை வறண்ட நகரத்தின்மேல் பெய்திருந்தால் கோட்டூர்புரத்தில் முதல் மாடிவரை தண்ணீர் நின்றிருக்குமா? அன்றைய வானத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அபாயத்தின் பாதிதான் தெரிந்திருக்கும்.

பனியின் இந்த முன்கதையைப் பதிவு செய்வதற்கென்று இந்தியாவில் ஓர் அமைப்பு இருக்கிறது. 1969-ல் மணாலியில் தொடங்கப்பட்ட பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் பிறகு சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டது, 2020-ல் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் இன்னொரு ஆய்வகத்தோடு இணைந்து டி.ஜி.ஆர்.இ. என்று பெயர் மாறியது. மலைச்சாவடிகளில் நட்ட அளவுகோலில் பனியின் உயரம், புதுப்பனியின் அளவு, காற்று, வெப்பநிலை எல்லாம் நாள்தோறும் குறிக்கப்படுகின்றன. ஆளில்லா நிலையங்களும் தரவு அனுப்புகின்றன. இதையெல்லாம் கோத்து, மாவட்டவாரியாக, இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் இந்த அளவு அபாயம் என்று அறிவிக்கிறார்கள்.

ஆனால் அளவுகோல் அடுக்குகளின் கதையைச் சொல்லாது. அதற்குக் குழி வெட்டியாக வேண்டும். சந்தேகப்படும் சரிவுக்கு ஒப்பான, ஆனால் ஆபத்தில்லாத ஓரிடத்தில் தரைவரை தோண்டுவார்கள். வெட்டிய சுவரில் குளிர்காலம் முழுவதும் வரிசையாக நிற்கும். அடியில் நவம்பர், மேலே நேற்று. முதல் கருவி கைதான். கையுறையோடு முஷ்டியை அழுத்திப் பார்ப்பார்கள். முஷ்டி இறங்கினால் மிக மென்மை. இறங்காவிட்டால் நாலு விரல், அதுவும் இறங்காவிட்டால் ஒரு விரல், அதன்பின் பென்சில், கடைசியாகக் கத்தி. மேலே பென்சில் மட்டும் இறங்கி, அதற்கு ஒரு சாண் கீழே முஷ்டி இறங்கினால், தோண்டியவர் அங்கேயே நிமிர்ந்து மேலே சரிவைப் பார்ப்பார். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை வெப்பமானி செருகி, வித்தியாசம் எங்கே கூடுகிறது என்று குறிப்பார்கள்.

பிறகு தட்டும் சோதனை. 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தூண் மட்டும் தனியே நிற்கும்படி பனியை அறுத்து, உச்சியில் மண்வெட்டியின் அலகை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் தூண் உடைகிறது என்பதைக் காட்டிலும் எப்படி உடைகிறது என்பதை அனுபவசாலிகள் கூர்ந்து பார்க்கிறார்கள். நொறுங்கி மெல்ல அமர்ந்தால் ஒரு மாதிரி. பளிச்சென்று, தட்டையான முகத்தோடு மேல்பாகம் வழுக்கி வெளியே வந்தால், சரிவும் அப்படித்தான் செய்யும். 90 சென்டிமீட்டர் அகலத் தூணில் ஒரு ஓரத்தில் மட்டும் தட்டி, விரிசல் மறுஓரம்வரை ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை இந்த நூற்றாண்டில் வந்தது. பனிச்சரிவு என்பதே அந்த ஓட்டம்தான். ஒரு காலடியில் தொடங்கும் முறிவு நூறு மீட்டருக்கு ஓடிவிடும்.

ஒரு குழி ஒரு இடத்தைத்தான் சொல்லும். நாற்பது அடி தள்ளிக் கதை மாறலாம். எனவே சோதனை நல்லபடியாக வந்ததை வைத்து 'போகலாம்' என்று முடிவெடுப்பது தவறு என்றே பயிற்சியாளர்கள் சொல்லித்தருகிறார்கள். மலை தானாகச் சொல்லும் அறிகுறிகளுக்கு மதிப்பு அதிகம்: பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம், நடக்கும்போது காலடியில் 'வும்ப்' என்று ஒலித்து அமர்வது, பாதத்திலிருந்து கோடாக ஓடும் விரிசல், 24 மணி நேரத்துக்குள் கனத்த பொழிவு, திடீர் வெப்பம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும்.

இந்தக் கலையை ஒழுங்குபடுத்தியதில் சுவிட்சர்லாந்துக்குப் பெரும்பங்கு. டாவோஸுக்கு மேலே வைஸ்ஃபுளூயோக்கில் 1936-ல் ஒரு மரக்குடிலில் ஆய்வு தொடங்கியது. 1945 டிசம்பரிலிருந்து பொதுமக்களுக்கு அறிக்கை வருகிறது. ஐரோப்பிய நாடுகள் 1993-ல் ஒன்றிலிருந்து ஐந்துவரை பொது அளவை ஏற்றன. மூன்றாம் எண்தான் மனிதரை அதிகம் ஏமாற்றுவது. ஐந்தில் மூன்று, நடுவாந்தரம், பரவாயில்லை என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு படியிலும் அபாயம் மடங்குகளில் கூடுகிறது. நாலும் ஐந்தும் வந்தால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில் ஏறிப் போய்விடுகிறார்கள், சாவுகளில் பெரும்பங்கு அங்கே நிகழ்கிறது.

சத்தம் போட்டால் பனி சரியும் என்று சினிமாக்கள் காட்டுவது பொய். குரலின் அழுத்தம் அதற்குப் போதாது. விளையாட்டாகவும் பொழுதுபோக்காகவும் மலையேறிச் சிக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைக் கிளப்பியது அவர்களோ உடன்வந்தவரோதான். மனிதரின் எடைதான் முன்பு சொன்ன அந்தத் தூண்டுதல். டிசம்பர் விடுமுறைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் கேதார்காந்தாவுக்கும் மணாலிக்கும் கூட்டங்கூட்டமாகக் கிளம்புகிறார்கள். ஷூவும் ஜாக்கெட்டும் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிப்பதோடு, இன்றைய அபாய எண் என்ன, வழியில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவின் அடியில் எங்கே நடக்கிறோம், போன வாரம் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றும் கேட்க வேண்டும். வழிகாட்டியிடம் இதற்குப் பதில் இல்லையென்றால் கட்டிய பணத்தைப் பார்க்காமல் அடிவாரத்திலேயே இருந்துவிடுவது நல்லது.

தேர்ந்தவர்களையும் பனிச்சரிவு விடுவதில்லை. 2022 அக்டோபர் 4-ஆம் தேதி உத்தர்காசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு திரௌபதி கா டண்டா சிகரத்தின் உச்சிக்கு அருகே பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன. இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்டையும் மகாலுவையும் 16 நாட்களுக்குள் ஏறி முடித்த பெண். அந்த விபத்தின்போது குளிர்காலம்கூடத் தொடங்கியிருக்கவில்லை.

மாணாவுக்கு வருவோம். 2025 பிப்ரவரி கடைசி வாரத்தில் வலுவான மேற்கத்திய இடையூறு ஒன்று உத்தராகண்டில் பனியைக் கொட்டியது. 27-ஆம் தேதி மாலை, சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2400 மீட்டருக்கு மேல் பனிச்சரிவு அபாயம் என்று டி.ஜி.ஆர்.இ. எச்சரிக்கை வெளியிட்டது. மாணா இருப்பது ஏறக்குறைய 3200 மீட்டரில். மறுநாள் விடிகாலை, எல்லைச் சாலை அமைப்பின் பணிக்காக வந்த தொழிலாளர்கள் கண்டெய்னர்களிலும் ஒரு கொட்டகையிலும் இருந்தபோது மேலிருந்து பனி வந்து மூடியது. 54 பேர். ராணுவமும் மீட்புப் படைகளும் மூன்று நாள் தோண்டி 46 பேரை உயிரோடு கொண்டுவந்தன. எட்டுப் பேர் இறந்தார்கள். கண்டெய்னரின் இரும்புச் சுவர் உள்ளே கொஞ்சம் காற்றை மிச்சம் வைத்ததால் பலர் பிழைத்தார்கள்.

இப்படிப் பிழைப்பது எவ்வளவு அரிது என்பதைச் சொல்லியாக வேண்டும். பனிக்குள் நேரடியாகப் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடமானால் மூன்றில் ஒருவர். ஓடிவந்த பனி நின்றதும் இறுகிவிடும். விரலை அசைக்க முடியாது, விட்ட மூச்சையே திரும்ப இழுத்து மூச்சு முட்டும். எந்த ஹெலிகாப்டரும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வந்து சேராது. பக்கத்தில் நிற்பவரிடம் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் ரேடியோ கருவியும், குத்திப் பார்க்கும் நீண்ட கம்பியும், மண்வெட்டியும் இருந்தால்தான் உண்டு.

கோடையிலும் உருகாமல் தங்கிவிடும் பனிக்கு வேறொரு வாழ்க்கை வாய்க்கிறது. வருஷத்துக்கு வருஷம் மேல்பாரம் அழுத்த, காற்று பிழிந்து வெளியேறி, கன மீட்டர் 900 கிலோவுக்குப் பக்கமாகப் பனிக்கட்டியாகி, மெல்ல நகரத் தொடங்குகிறது. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் சோனம் காவல் நிலையின்மேல் விழுந்தது இந்த மாதிரியான பனிக்கட்டிச் சுவர். மெட்ராஸ் படைப்பிரிவின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் அடியில் சிக்கினார்கள். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள், வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து போனவர்கள். ஆறாம் நாள், 25 அடிக்குக் கீழே, தார்வாட்டைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு கிடைத்தார். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பிப்ரவரி 11 அன்று தில்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். வெயிலையே உடுத்தி வளர்ந்த ஊர்களின் பிள்ளைகள் அவர்கள். நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. அதற்கு நாலு ஆண்டு முன்பு, 2012 ஏப்ரலில், எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தான் ராணுவ முகாம் இருந்த கயாரியில் 140 பேர் புதைந்தார்கள். குழியும் தட்டும் சோதனையும் பனிக்கட்டிச் சுவருக்குச் செல்லாது. அங்கே கணிப்பு என்பது விரிசல்களைக் கண்காணிப்பதும், சுவர் எட்டாத இடத்தில் ஆட்களை வைப்பதும்தான். உயரத்துக்காகவே பிடித்த முகடுகளில் அப்படி இடம் கிடைப்பது கடினம்.

மாணாப் பனிக்கு அவ்வளவு நீண்ட ஆயுள் இல்லை. மார்ச், ஏப்ரலில் வெயில் ஏற, உருகிய நீர் அடுக்குகளுக்குள் இறங்கிப் பிடிப்பைத் தளர்த்தும். பகலில் ஈரப்பனி கனமாக, மெதுவாகச் சரியும். அந்தப் பருவத்தில் விடிவதற்கு முன் கடந்துவிட வேண்டும் என்பது மலைவழக்கம். சரிந்து குவிந்தது சாலையோரம் அழுக்கு மேடாக மே மாதம்வரை நிற்கும். யாத்திரை போகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சம் அலக்நந்தாவில் இறங்கி, தேவப்பிரயாகையில் பாகீரதியோடு கலந்து, கங்கையாகச் சமவெளியைக் கடந்து, நம் வங்கக் கடலுக்கே வந்து சேர்கிறது.

சரிவில் அந்தப் பனி தன் தடத்தை விட்டுப் போயிருக்கும். ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், மரமே முளைக்காத நீளப் பட்டை, அடிவாரத்தில் விசிறியாகக் கிடக்கும் கற்கள். பனிச்சரிவு பெரும்பாலும் போன பாதையிலேயே திரும்ப வருகிறது. அதனால் ஒவ்வொரு பாதைக்கும் என்று வந்தது, எதுவரை ஓடியது என்று பதிவேடும் வரைபடமும் வைக்கிறார்கள். பத்ரி கோயிலே பனிச்சரிவில் சேதமடைந்து திருப்பணி கண்டதுதான். மாவட்டத்துக்கு என்று வரும் எச்சரிக்கையை இந்தச் சரிவு, இந்தக் கொட்டகை என்று பிரித்துச் சொல்ல அந்தந்த முகாமில் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். எச்சரிக்கை வந்த மாலையிலேயே ஆட்களை இறக்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். முகாமுக்கு இடம் குறிக்கும்போது அந்த வரைபடம் மேசையில் விரிந்திருக்க வேண்டும். தங்கும் இடத்தைத் தொழிலாளி தேர்ந்தெடுப்பதில்லை. அவருக்காகத் தேர்ந்தெடுப்பவர், அந்தச் சரிவின் பழைய குளிர்காலங்களைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.